எட்டாம் இடத்துச் செவ்வாய்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ஜாதகம் போடும் கடையில் தட்டித் தட்டியே விரல் தேய்ந்தவள் ஜெயசித்ரா. முதலாளி ஜோசியர் அமிர்தலிங்கம், மகா கஞ்சன். கம்ப்யூட்டரைப் புதுசாக வாங்கியவருக்கு சாப்ட்வேருக்குக் காசு அவிழ்க்க மனசு வரவில்லை. பழசையே போடு என்றார். புது விண்டோஸ் அதைச் சீந்தவில்லை. காலையெல்லாம் மல்லுக்கட்டி, பழைய விண்டோஸில் ஓடுவதுபோலவே ஓட்டு என்று செட்டிங்கை மாற்றியபிறகுதான் அது ஒருவழியாகக் கண் திறந்தது.

சரியாக ஓடுகிறதா பார்க்கத் தன்னுடைய பிறந்த நேரத்தையே போட்டாள். லக்னத்துக்கு எட்டில் இருக்க வேண்டிய செவ்வாய், தோஷமே இல்லாத ஒன்பதில் உட்கார்ந்திருந்தது.

அந்த எட்டாம் இடம்தான் அவள் வாழ்க்கையைத் தின்றது. உடையார்பாளையத்துச் சம்பந்தம் தட்டு மாற்றப்போகும் நேரத்தில், இந்தக் கடையில் போட்ட ஜாதகத்தைப் பார்த்துச் செவ்வாய் தோஷம் என்று முறிந்தது. பரிகாரம் என்று இதே அமிர்தலிங்கம் அவளை மணையில் உட்காரவைத்து, வாழைமரத்துக்கு மாலை போட வைத்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. அப்புறம் ஒரு வரனும் வரவில்லை.

பழைய கம்ப்யூட்டரை மறுபடி மாட்டிப் பார்த்தாள். கடிகாரம் சரிதான். ஆனால் நேரம் எந்த நாட்டுக்கு என்ற இடத்தில், இந்தியாவை விட்டுவிட்டு அரை மணி வித்தியாசமுள்ள வேறு நாடு. சாப்ட்வேர் அதை நம்பியே இத்தனை வருஷமும் லக்னம் கணித்திருக்கிறது.

அமிர்தலிங்கத்திடம் காட்டினாள். மனுஷன் துளிகூட அசரவில்லை.

"நான்தான் அப்ப அவசரத்துல அமுக்கிட்டேன். சத்தம் போடாத தாயி. பழைய ஜாதகத்தக் கொண்டாந்து மறு பிரிண்ட் கேப்பாங்க. மாறிப்போனா நம்ம பொழப்பு நாறிடும். இதுலயும் அந்த நாட்டையே வச்சுரு. ஒனக்கு மட்டும் நல்லதா ஒண்ணு அடிச்சுக்க. ரெண்டாந்தாரமா ஒருத்தன் கேட்டுட்டு இருக்கான்."

சொல்லிவிட்டு, வெற்றிலைப் பல்லைக் காட்டிச் சிரித்தார். சீ, இதெல்லாம் ஒரு ஜென்மமா! இந்த ஆள் கையாலா இத்தனை வருஷம் சம்பளம் வாங்கிச் சோறு தின்றாள்!

வாசல் பெஞ்சில் கூட்டம் காத்திருந்தது. ஜெயசித்ரா எழுந்து கதவை அகலத் திறந்தாள்.

"இங்க ஜாதகம் போட்டவங்க எல்லாம் அத வெளிய எடுங்க. எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும். மொதல்ல செவ்வாய் தோஷம்னு எழுதி வாங்குனவங்க யாரு?"

பெஞ்சின் ஓரத்தில் இருந்த வீராயி என்ற கிழவி, பக்கத்திலிருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மகளுக்குக் காதோரம் நரைத்திருந்தது.