வாசிக்காமல் வைத்த கையெழுத்து

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரை ஒரு லொறி நொறுக்கிவிட்டு ஓடிவிட்டது. நடக்க முடியாத என் மகள் பள்ளிக்கூடம் போனது அந்தக் காரில்தான்.

பொலிஸில் முறையிட்டேன். பிறகு காப்புறுதிக் கம்பனி ஆள் வந்து, படிவத்தைச் சிங்களத்தில் நிரப்பி நீட்டினான். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது.

"என்ன எழுதினவரெண்டு கேளுங்கோப்பா" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு, அந்தாளுக்கு அவசரம்" என்று அதட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

கம்பனி காசு தர மறுத்த பிறகுதான் தெரிந்தது, நானே ஓட்டிப்போய் மதிலில் மோதியதாக அவன் எழுதியிருக்கிறான். பொலிஸ் முறைப்பாட்டில் லொறி, படிவத்தில் மதில். நான் பொய் சொல்கிறேனாம், நட்டஈடு இல்லையாம்.

கம்பனிக்குச் சண்டை பிடிக்கப் போனேன். "சைன் வச்சது நீங்கதானே அங்கிள்?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

இப்போது யாராவது தமிழில் வாசித்துச் சொல்லாமல் எதிலும் கையெழுத்து வைப்பதில்லை. மகள் பள்ளிக்கூடம் போகாமல் ஒரு பாடசாலைத் தவணையே முடிந்துவிட்டது.