ஆஸ்பத்திரி எதிரே பாதி ரொட்டி

தர்மபுரியில் எனக்குப் பிடித்த பேக்கரி ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது. அறுபதுகளில் எங்கள் பக்கம் காய்ச்சல்காரர்கள்தான் ரொட்டி தின்பார்கள். நான் மட்டும் கல்லு மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு தின்று, ஊர் சிரிக்க அலைந்தேன்.

கடைக்காரர் ஒல்லி, புருவமெல்லாம் மைதா. வருகிறவர்களிடம் நோயாளிக்கு என்ன என்று விசாரிப்பார். தேறமாட்டார் என்று பட்டால் ரொட்டியைப் பாதியாக அறுத்து, "இது போதுங்க, மீதி வீணாப் போயிரும்" என்பார். எனக்கு அது நல்ல வேடிக்கை.

ஒரு வருஷம் மஞ்சள் காமாலையில் நானே அந்த ஆஸ்பத்திரியில் படுத்தேன். என் மனைவியும் பக்கத்துக் கட்டில் இண்டூர்க்காரரின் மனைவியும் சேர்ந்து போய் ரொட்டி வாங்கிவந்தார்கள். எனக்குப் பாதி, அவருக்கு முழுசு. அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, தன்னதில் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார். மறுநாள் அவர் கட்டில் காலி.

எழுந்து நடமாடியதும் நேரே கடைக்குப் போனேன். "பாத்தீங்களா, உசுரோட நிக்கறேன்! முழு ரொட்டிக்காரருதாங்க போய்ச் சேந்துட்டாரு!"

அவர் கத்தியைத் துடைத்தபடி யோசித்தார். "அப்ப பொம்பளைங்க பொட்டலத்த மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார்.

செத்தவருக்காக ஒரு 'உச்' கொட்டவில்லை, அந்த மனிதர். நானும்தான் கொட்டவில்லை. எனக்கு ஒரு முழு ரொட்டி கேட்டுவிட்டு, அவர் கத்தியை எடுக்கிறாரா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.