வெந்நீர் தெரியாத விரல்கள்

காப்பிப் பழம் பறிக்கும்போது, என் விரல்களுக்குள் இருப்பது பழமா இலையா என்று ஒரு நாள் தெரியாமல் போனது. முதல் அறிகுறி அதுதான். பிறகு பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்தே கிடந்தன. நான் மலைமேல் கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட் வேலை செய்தவள். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன்.

சேலத்து மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னார்: கார்பல் டனல் (மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குதல்). அறுவை சிகிச்சை நடந்தது. தையல் பிரித்த அன்று என் கணவர் கேட்டார்.

“ஏனுங்க டாக்டர், தெரபி ஏதாச்சும் குடுக்கோணுங்களா?”

“பெரும்பாலும் தேவைப்படாது. வீட்டிலேயே விரலை மடக்கி நீட்டினா போதும். மரப்பு போக மூணு மாசம் ஆகலாம்.”

சும்மா இருப்பதை வைத்தியம் என்று என் கணவரால் ஏற்க முடியவில்லை. அறுவடை தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போடுவதாக, எஸ்டேட்டில் ஆள்கணக்குப் பார்க்கும் ரைட்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஞாயிறு காலை கணவர் சொம்பில் வெந்நீரோடு வந்தார்.

“சூடு பட்டா ரத்தம் ஓடும். கையக் குடு புள்ள.”

சுண்டுவிரல் பட்டதும் கத்தினேன். நசுங்கிய நரம்பு அந்த விரலுக்குப் போவதில்லை; அதற்கு எப்போதும் உணர்வு உண்டு.

“நொம்ப நடிக்காத.” அதை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டார். “இப்பச் சுடுதா?”

“இல்லீங்க.”

“பாத்தியா.”

நூறு வரை எண்ணினார். நானும் கையை இழுக்கவில்லை. எனக்கும் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

மாலைக்குள் இரண்டு விரல்களும் கொப்புளித்தன. புண் ஆறியபோது தோல் சுருங்கி, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

மருத்துவர் கையைப் புரட்டிப் பார்த்தார். “தெரபி தேவையில்லைன்னு சொன்னேன். இப்போ தேவை.”

இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஒன்று சொல்வேன். மரத்த விரலுக்குச் சூடு காட்டாதீர்கள். சுடுகிறதா என்று அதனிடம் கேட்டால் அது பொய்தான் சொல்லும்.

எஸ்டேட்டில் நான் பறித்த செடி வரிசைக்கு, என் நிரைக்கு, வேறொருத்தி வந்துவிட்டாள். வாரம் இருமுறை தெரபிக்காக பஸ்ஸில் மலையிறங்குகிறோம். கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார், உள்ளே வருவதில்லை. விரல் எவ்வளவு நிமிர்ந்தது என்பதை வைத்துத்தான் இப்போது என் மாதங்கள் நகர்கின்றன.

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதம், டாக்டர் சொன்னபடியே, மரப்பு விட்டது. விரலை இழுத்து நிமிர்த்தும்போது முதன்முறையாக முழு வலியும் தெரிந்தது. அலறினேன்.

“நல்லதும்மா, நரம்பு வேலை செய்யுது” என்றார் தெரபி கொடுப்பவர். மறுபடி இழுத்தார்.