தன் பிழையை எழுதிக் கொடுத்த வாப்பா

எங்கள் வாப்பா இறைவனிடம் மீண்டு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களுக்கு ஸலாம் கூறி, மூத்த மகளாகிய நான், உங்களில் பலருக்குத் தெரியாத ஒரு சம்பவத்தை எழுதுகிறேன்.

வாப்பா மருதமுனையில் பிறந்தார். தகப்பனைச் சிறு வயதில் இழந்ததால் உயர்தர வகுப்போடு படிப்பு நின்றது. கொழும்பில், பெரிய கட்டடங்களைத் துப்புரவு செய்து பராமரிக்கும் ஒரு கம்பனியில் தரை துடைக்கச் சேர்ந்தார். வேலைக்குப் பின் வகுப்புகளுக்குப் போய், பரீட்சைகள் எழுதி, ஊழியர்களின் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் பொறுப்பான தலைவரானார். கழுவும் மருந்தினால் கை வெந்தவர்களுக்குக் கையுறை கேட்டு மேலிடத்தோடு வாதாடி வென்றதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பெருமைப்படுவார்.

ஒருநாள் காலை, உயர்ந்த கட்டடமொன்றின் வெளிக் கண்ணாடிகளைக் கழுவ, திருக்கோவில் என்ற ஊரைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் கயிற்றில் இறங்கினார். கூரையில் கயிறு கட்டியிருந்த இரும்பு வளையம் துருப்பிடித்திருந்தது. அது கழன்று, அவர் விழுந்து இறந்துபோனார். அன்றைய அனுமதிப் பத்திரத்தில், கூரைக்கு ஏறிப் பார்க்காமலே கையெழுத்து வைத்தவர் வாப்பா.

இறந்தவர் பாதுகாப்புப் பட்டியைக் கழற்றிவிட்டார் என்று அறிக்கை எழுதும்படி மேலதிகாரிகள் சொன்னார்கள். வாப்பா லீவில் ஊருக்கு வந்தார். நடந்ததை உம்மாவிடம் சொன்னார்.

"உண்மைய எழுதினா வேல போயிருமா?" என்று உம்மா கேட்டார்.

"ஓம், போகும். பொலிஸும் விசாரிக்கும்."

"நமக்கு மூணு புள்ளையள் இரிக்காங்க."

"அவருக்கும் ரெண்டு புள்ளையள். மௌத்தானவர்ட தலையில என்ட பிழையப் போட எனக்கு ஏலா."

உம்மா பேனாவை எடுத்து வந்து கொடுத்து, "எழுதுங்க" என்றார்.

அறிக்கையை அனுப்பிய மறுநாள் வாப்பா திருக்கோவிலுக்குப் போனார். உம்மாவும் நானும் கூடப் போனோம். இறந்தவரின் மனைவியிடம், "தங்கச்சி, அவரில ஒரு பிழையும் இல்ல. நான்தான் ஏறிப் பாக்காம கையெழுத்து வெச்சன்" என்றார்.

"ஒருக்கா ஏறிப் பாத்திருக்கலாமே அண்ணன்" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டு அழுதார். நாங்கள் எழும்பும்போது, "மன்னிக்க இப்ப எனக்கு மனமில்ல. ஆனா அப்பா கவலையீனத்தால செத்தார் எண்டு என்ட புள்ளையள் நினைக்கமாட்டாங்க" என்றார்.

கம்பனி வாப்பாவை வேலையிலிருந்து நிறுத்தியது. பொலிஸ் விசாரணை முடியும்வரை பல மாதங்கள் வீட்டிலிருந்தார். ஆனால் கயிற்றில் இறங்கும் ஊழியர்கள், தன் பிழையை மறைக்காத அவர் வந்து பார்த்தால்தான் இறங்குவோம் என்று உறுதியாக நின்றார்கள். வேறு வழியின்றிக் கம்பனி அவரை அதே பதவிக்கு மீண்டும் அழைத்தது. ஓய்வு பெறும்வரை, முழங்கால் வலியோடும் ஒவ்வொரு கூரைக்கும் ஏறிப் பார்த்தே கையெழுத்திட்டார். அதன்பின் எவரும் விழவில்லை. அதை அவர் ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை.

சிறுநீரக நோய் அவரை இரண்டு ஆண்டுகள் வருத்தியது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பின், உம்மாவின் கையைப் பிடித்தபடி வபாத்தானார்.

ஆஸ்பத்திரியில் முறைவைத்து நின்ற மாமாமார், குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தியவர்கள், கப்று தோண்டியவர்கள், கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்த ஊழியர்கள், பிள்ளைகளோடு வந்து உம்மாவின் அருகில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த அந்தத் திருக்கோவில் தாய் ஆகிய அனைவருக்கும் எங்கள் நன்றி. வாப்பாவின் சொல்லாலோ செயலாலோ உங்களில் எவருக்கேனும் மனம் நொந்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அவருக்காக மன்னிப்புக் கேட்க உங்கள் வீடு தேடி வருவோம்.