கோச்சியிலை வாறன்

ஒஸ்லோவில் பதினெட்டு வருடங்களாக நான் பஸ் ஓட்டுகிறேன். ஆனால் நாடு விட்டு நாடு போகும் நெடும்பயணம் என்றால் பஸ்ஸில் ஏறமாட்டேன், ரயில்தான். நகரின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சனத்துக்கு இது பழைய பகிடி. "தான் சமைச்சதைத் தானே சாப்பிடாத ஆள் இவர்" என்று என் மனைவி வருகிறவர்களுக்கெல்லாம் என்னை அறிமுகம் செய்துவைப்பாள்.

செய்யட்டும். பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்தால் என் வலது கால் சும்மா இருக்காது. முன்னால் ஒரு கார் குறுக்கே வந்தால், இல்லாத பிரேக்கை அது மிதிக்கும். கொப்பன்ஹேகன் வரை எட்டு மணித்தியாலம் இப்படி மிதித்துக்கொண்டு போனால், ஓட்டியவர் சிரித்துக்கொண்டு இறங்குவார், நான் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். இன்னொன்று, எல்லையில் பஸ் நின்றுவிடும். அதிகாரி ஒருவர் ஏறி, இரண்டு பக்கமும் முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்து, என் இருக்கையடியில் நிற்பார். மரியாதையாகத்தான் கேட்பார். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டு நோர்வேயின் சிவப்புக் கடவுச்சீட்டை எடுத்து நீட்டும்போது எனக்கு அந்த மரியாதையே எரிச்சலாக இருக்கும். ரயிலிலும் சோதனை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் போன நாட்களில் எல்லை என்பது மரங்களுக்கிடையில் ஒரு பலகையாகத்தான் வந்து போயிருக்கிறது.

போன இலையுதிர் காலத்துப் பயணத்துக்கு இந்த இரண்டையும் விட இன்னொரு காரணம் இருந்தது. அதை மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. நேர் பஸ்ஸில் ஏறினால் இறங்குமிடம் கொப்பன்ஹேகன்தான். ரயிலென்றால் சுவீடனில், கோத்தன்பர்க்கில் மாற வேண்டும். மாறுகிற இடத்தில் மனமும் மாறினால், எதிர் மேடையில் ஒஸ்லோ ரயில் நிற்கும். திரும்பி வந்துவிடலாம்.

நான் போகவிருந்தது மகளிடம். ஒரு வருடமாக நாங்கள் இருவரும் கதைக்கவில்லை.

மகள் ஒஸ்லோவில் பிறந்தவள். வேலைக்காகக் கொப்பன்ஹேகன் போனாள். அங்கே மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கம்பியூட்டர்காரப் பையன் ஒருவனைப் பிடித்துக்கொண்டது. பதிவுத் திருமணம் செய்யப் போகிறோம் என்று தொலைபேசியில் சொன்னாள். நான் குலம் கோத்திரம் ஒன்றும் கேட்கவில்லை, அந்தளவுக்குப் புத்தி இருந்தது. என் வாயில் வந்தது வேறு.

"எங்கடை கதை விளங்காதவனோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?"

அவள் கேட்டாள்: "நீங்கள் ஒருக்காலெண்டாலும் கதைச்சுப் பாத்தனீங்களோ, அப்பா?"

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். திருமணத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை இருந்தது உண்மை. அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன் என்பதும் உண்மை. மனைவி தனியாகப் போய்விட்டு வந்து, படங்களை மேசையில் பரப்பி வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்தேன்.

அதன் பிறகு மகள் கர்ப்பமானாள், ஏழாம் மாதம். எழும்பி நடக்காமல் படுத்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மனைவி அடுத்த விமானத்தில் பறந்துவிட்டாள். ஒரு கிழமை கழித்து எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பிள்ளை ஒவ்வொரு நாளும் உங்களைக் கேக்கிறாள். வாயாலை கேக்கிறேல்லை. நான் உங்களோடை கதைச்சிட்டு ஃபோனை வைக்க என்ரை முகத்தைப் பாக்கிறாள். இப்ப வாங்கோ. இப்ப வரேல்லையெண்டால் பிறகு வந்தும் பிரியோசனமில்லை."

"வாறன்" என்றேன்.

"மருமகனுக்கு நீங்களே ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அவர்தான் வந்து கூட்டிக்கொண்டு வருவார். அவரைப் பேசிப்போடாதேங்கோ."

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பேசுவது என்றால் அவரைத் திட்டுவது. சும்மா வாய் திறந்து சொல்வதையும் கேட்பதையும் கதைப்பது என்போம். மருமகனுடைய பக்கத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே பேசுவது நல்ல காரியம், கதை விடுவதுதான் கெட்ட காரியம். ஒரே மொழிதான், ஆனால் கவனமாக இருக்க வேண்டும்.

அன்று பின்னேரம் வேலை முடிந்து, பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஓட்டுநர்களின் ஓய்வறையில் இருந்து குரல்பதிவு அனுப்பினேன். நாலு தடவை பதிந்தேன். முதலில் "தம்பி" என்று தொடங்கி அழித்தேன். பிறகு "மருமகன்" என்று தொடங்கி அதையும் அழித்தேன். கடைசியில் எந்த உறவுமுறையும் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்: "நாளைக்குக் கோச்சியிலை வாறன். பின்னேரம் ஆறு மணி."

ரயிலுக்கு எங்கள் ஊரில் கோச்சி என்று பெயர். எழுதும்போது புகையிரதம், வாயில் கோச்சி. உடனே பதில் வந்தது. ஒரு கட்டைவிரல், அதன் கீழே "சரிங்க மாமா."

அடுத்த நாள் காலை ஒஸ்லோ மத்திய நிலையத்தின் பலகையில் எனக்குப் பகிடிக்கென்றே எழுதி வைத்தது போல நின்றது: "புஸ் ஃபொர் தோக்." ரயிலுக்குப் பதில் பஸ். எல்லைக்குக் கிட்ட இருக்கும் ஹால்டன் வரை தண்டவாளத்தில் ஏதோ திருத்தவேலையாம். இந்த மூன்று சொல்லையும் முன்கண்ணாடியில் மாட்டிக்கொண்டு நானே எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன், சனத்தின் முறைப்பையும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு நான் முறைத்தேன். ஹால்டன் வரை என் கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

அங்கே ரயில் காத்துநின்றது. ஏறி இருந்ததும் உடம்பு தளர்ந்தது. ஊசியிலைக் காட்டுக்குள் வண்டி நுழைந்து, எங்கேயோ சுவீடன் ஆகிவிட்டது. ரயிலில் எனக்குப் பிடித்தது இந்த வெறும் நேரம். பஸ்ஸில் நான் வீதியை யோசிப்பேன், ரயிலில் என்னை யோசிப்பேன். அன்றைக்கு அது அவ்வளவு நல்ல சகவாசமாக இருக்கவில்லை. என்ன கோபம் எனக்கு? பேரப்பிள்ளை "ஓம்" என்று சொல்லாமல் "ஆமா" என்று சொல்லும். அவ்வளவுதான். மகளே சின்ன வயதில் பாதி நேரம் நோர்வேக்காரர் மாதிரி "யா" என்றுதான் சொன்னாள். அப்போது எனக்கு வலிக்கவில்லை, பெருமையாகக்கூட இருந்தது. நோர்வேக்காரருக்குக் கொடுத்த மன்னிப்பை ஒரு தமிழனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை எழுதும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது.

கோத்தன்பர்க்கில் நாற்பது நிமிடம் நிற்க வேண்டும். நான் நினைத்தபடியே எதிர் மேடையில் ஒஸ்லோ வண்டி கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. இரண்டு தடவை அதன் பக்கம் நடந்தேன். என் பையில் மண்ணிறப் பாற்கட்டி இரண்டு இருந்தன, நோர்வேக்காரர் பாண் ரொட்டியில் சீவிப் போட்டுத் தின்னும் இனிப்புப் பாற்கட்டி. மகளுக்கு அது உயிர். எனக்கும் மனைவிக்கும் வாயில் வைக்க ஏலாது. திரும்பிப் போனால் இந்த இரண்டு கட்டியையும் என்ன செய்வது என்று யோசித்தேன். சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் அப்படி ஒரு கேள்விதான் என்னைக் கொப்பன்ஹேகன் வண்டியில் ஏற்றியது.

கடலுக்கு மேலே நீண்ட பாலம் தாண்டி, ஆறு மணிக்கு இருபது நிமிடம் பிந்தி இறங்கினேன். மேடையில் எவரும் இல்லை. மேலே மண்டபத்துக்கு ஏறிப்போய் மணிக்கூட்டின் கீழ் நின்றேன். அரை மணித்தியாலம் போனது. வெளியே மழை. வருகிற போகிற இளம் பையன்களின் முகங்களையெல்லாம் பார்த்தேன், படத்தில் ஒளித்துப் பார்த்த முகத்தைக் காணவில்லை. நான் தொலைபேசி எடுத்துக் கேட்கவில்லை. என்னை மறந்துவிட்டாயா என்று நானே கேட்பதா?

கடைசியில் மனைவி எடுத்தாள். "எங்கை நிக்கிறியள்?"

"ஸ்டேசனிலை. உம்முடைய மருமகனைக் காணேல்லை."

"அவர் அஞ்சரைக்கே வந்து நிக்கிறாராம். உங்களைக் காணேல்லையாம்."

"நான் என்ன கண்ணுக்குத் தெரியாத ஆளோ?"

"இருங்கோ" என்று வெட்டிவிட்டாள்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வந்து நிற்கிறானாம்! டிக்கெட் இயந்திரத்துக்கு முன்னால் போய், கோத்தன்பர்க் என்று எழுத்து எழுத்தாகத் தட்டத் தொடங்கினேன். இரண்டு தடவை எழுத்துப் பிழைத்தது. மூன்றாம் தடவை தட்டும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"மாமா?"

தலையிலிருந்து கால்வரை நனைந்து ஒருவன் மூச்சிரைக்க நின்றான். ஒரு கையில் தேநீர்ப் பிளாஸ்க்.

"மன்னிச்சிடுங்க மாமா. கோச்சியில வர்றேன்னு சொன்னீங்க. இங்கிலீஷ்ல கோச்னா பஸ்தானேன்னு பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டேன். ஒஸ்லோலேருந்து வந்த மூணு பஸ்ஸையும் பார்த்தேன். நம்ம ஆளு மாதிரி ஒருத்தர் இறங்கினாரு, மாமான்னு கூப்பிட்டுப் பையை வாங்கிட்டேன். அவர் பங்களாதேஷ்காரர்."

எங்கடை கதை விளங்காதவன். நான் அப்போதே சொன்னேனே! ஒரு வருடமாகக் காத்திருந்த சாட்சி என் முன்னால் சொட்டச் சொட்ட நின்றது. சொல்லிக்காட்ட நாக்கு உன்னியது. ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது.

"விளங்காட்டிப் பிள்ளையிட்டைக் கேட்டிருக்கலாமே?"

அவன் பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கேட்டிருக்கலாம் மாமா. ஆனா நீங்க எனக்குன்னு அனுப்பின முதல் மெசேஜ் அது. அதையும் அவளே வந்து விளக்கணுமான்னு இருந்துச்சு. நானே புரிஞ்சுக்கலாம்னு பத்துப் பன்னெண்டு தடவை போட்டுக் கேட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் என்னுடைய ஒரு வசனத்தைப் பன்னிரண்டு தடவை கேட்டிருக்கிறான். நான் அவனுடைய குரலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன். இயந்திரத்தில் பாதி தட்டிய கோத்தன்பர்க்கை அழித்தேன். அவன் அதைக் கண்டான் என்றுதான் நினைக்கிறேன்.

பிளாஸ்க்கின் மூடியில் தேநீரை ஊற்றித் தந்தான். ஆறிப்போயிருந்தது, இஞ்சி போட்டிருந்தான். நின்ற நிலையிலேயே குடித்தேன்.

"மெட்ரோல போயிரலாமா மாமா?"

"பஸ் இல்லையோ?"

"இருக்கு. வீட்டு வாசல்லயே நிக்கும். ஆனா உங்களுக்கு பஸ் ஆகாதுன்னு அத்தை சொன்னாங்க."

"பஸ்ஸிலை போவம்" என்றேன். மூன்று பஸ்ஸுக்கு மழையில் நின்றவனுக்காக நான் ஒரு பஸ்ஸில் இருக்கலாம்.

பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். இரண்டாவது சந்தியில் என் கால் தரையை மிதித்தது. அவன் குனிந்து பார்த்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். ரயிலுக்கு எப்படிக் கோச்சி என்று பெயர் வந்தது என்று கேட்டான், எனக்குத் தெரியவில்லை. தன் ஊர் ரயிலைப் பற்றி அவன் சொன்னான், ஒஸ்லோவில் பனியில் வழுக்கிய பஸ்ஸைப் பற்றி நான் சொன்னேன். அவனுடைய சில சொற்கள் எனக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்டேன், திருப்பிச் சொன்னான். அதற்கு மேல் அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்தோம்.

கதவைத் திறந்தது மகள்தான், படுத்திருக்க வேண்டியவள். முகம் வீங்கியிருந்தது. என்னை நேரே பார்க்கப் பயந்து கணவனைப் பார்த்தாள். அவன் தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.

"ஏன் இவ்வளவு நேரம்? என்ன நடந்தது?"

"ஒண்ணுமில்ல" என்றான் அவன் சந்தோஷமாக. "வழியெல்லாம் மாமா பேசிக்கிட்டே வந்தாரு."

அவளுக்கு இரண்டு தமிழும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பயந்த நேரத்தில் வீட்டுத் தமிழ்தான் முதலில் காதில் விழும். அவள் முகம் விழுந்துவிட்டது. கதவைப் பிடித்தபடி, மெதுவாக, ஒரு வருடத்துக்குப் பிறகு என்னைக் கேட்டாள்.

"பேசினனீங்களோ, அப்பா?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "கதைச்சுப் பாத்தனான்."