பெல்ட்டு ஓட்டிய நீள வண்டி

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்துக்குள் பத்திரமாக இருந்தது. மற்றபடி வாடகை வண்டிக் கம்பெனியிலும் சரி, குடியிருந்த தெருவிலும் சரி, அவர் 'பெல்ட்டு'. முகத்துக்கு நேரே கூப்பிடுகிறவர்கள் மரியாதைக்கு ஓர் 'அண்ணே' சேர்த்துக்கொள்வார்கள்.

அவர் ஓட்டியது ஒரு வெள்ளை லிமோசின். எட்டரை மீட்டர் நீளம். முன்சக்கரம் தெருமுனை திரும்பி அடுத்த தெருவுக்குள் போன பிறகும் பின்சக்கரம் பழைய தெருவில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் அதன் நீளத்தைப் பார்த்து வாய் பிளப்பார்கள். அவரோ அதன் நடுவயிற்றைப் பார்த்துக் கவலைப்படுவார். காரணம், அந்த வண்டியை வெட்டியவரே அவர்தான்.

பத்தொன்பது வருடம் அவர் வண்டிக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தார். ஒருநாள் ஒரு சாதாரணக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதை நீட்டணும்" என்றார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரைப் பூசணிக்காய் மாதிரி நடுவில் அறுத்து, முன்பாதியை இந்தப் பக்கமும் பின்பாதியை அந்தப் பக்கமும் இழுத்து வைத்து, இடையில் மூன்றரை மீட்டருக்கு இரும்புச் சட்டமும் தரையும் கூரையும் பற்றவைத்தார்கள். உள்ளே ஒரு பக்கம் நெடுக சோபா, எதிர்ப்பக்கம் கண்ணாடி டம்ளரும் ஐஸும் வைக்கும் அலமாரி, கூரையில் நிறம் மாறும் விளக்கு. கதவுகள் மட்டும் பழையபடி முன்கோடியிலும் பின்கோடியிலும்தான். பிரேக்கும் பழைய பிரேக்தான். ஐந்து பேருக்குச் செய்தது பன்னிரண்டு பேரை நிறுத்த வேண்டும். இதைப் பற்றி அவர் அப்போதே மேஸ்திரியிடம் கேட்டார். "முதல்ல லைட்டு எரியுதான்னு பாருப்பா" என்று பதில் வந்தது.

ஆறு வருடம் கழித்து, வெல்டிங் வெளிச்சத்தில் அவருக்குக் கண் எரியத் தொடங்கியது. டாக்டர் இனி தீப்பொறிப் பக்கமே போகாதே என்றார். அந்த வண்டியை வாங்கியிருந்த கம்பெனிக்கோ, அதன் சுபாவம் தெரிந்த ஒரு டிரைவர் தேவைப்பட்டது. இப்படியாகத் தான் வெட்டிய வண்டிக்குத் தானே டிரைவரானார்.

வேலையில் சேர்ந்த முதல்நாள் அவர் வண்டியைத் துடைக்கவில்லை. நேராகப் பின்னால் ஏறி, சோபா மெத்தையைத் தூக்கி, கையை முழங்கைவரை உள்ளே விட்டார். ஒரு கம்மல், இரண்டு பாட்டில் மூடி, யாருடையதோ ஒற்றைக் காலுறை. அதற்கும் கீழே, வாங்கியபோது இருந்த மடிப்புக் கலையாமல் சீட் பெல்ட்டுகள். ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். மொத்தம் பன்னிரண்டு. அவற்றை உள்ளே தள்ளி ஒளித்து வைத்தது யார் என்று கம்பெனியில் கேட்டார்கள். அவர் பெல்ட்டின் கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒரு பிரசங்கம். பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி, "எல்லாரும் பெல்ட்டு போட்டுக்கங்க. கதவு ரெண்டு கோடியிலதான் இருக்கு, நடுவுல கிடையாது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இந்தச் சின்னச் சுத்தியலால ஜன்னல் கண்ணாடியோட மூலையில தட்டணும், நடுவுல தட்டினா உடையாது" என்று சொல்லுவார். மணக்கோலத்தில் இருக்கிற பெண் உடை கசங்கும் என்று முகம் சுளிப்பாள். மாப்பிள்ளையின் நண்பர்கள் அவரைப் படம் பிடிப்பார்கள். அவர் அசையமாட்டார். கடைசிக் கொக்கி மாட்டும் சத்தம் கேட்கும்வரை சாவி அவர் சட்டைப்பையில்தான் இருக்கும்.

கம்பெனி முதலாளி இளைஞர். மாமனாரிடமிருந்து தொழிலையும், எங்கிருந்தோ உற்சாகத்தையும் பெற்றவர்.

"அண்ணே, இது என்ன ஏரோப்ளேனா? ஏறினதும் இவ்வளவு பேசறீங்க?"

"ஏரோப்ளேன்லயும் சொல்றாங்க சார். அது செய்யும்போதே முழுசா செஞ்சது. இது ரெண்டு துண்டு."

"அதை மட்டும் கஸ்டமர்கிட்ட சொல்லிடாதீங்க!"

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். நாளெல்லாம் ஈர விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்துப் போட்டு, உருளையில் கொடுத்துத் தேய்த்து மடிக்கிற வேலை. கை இரண்டும் உரம் ஏறியவை, நாக்கு அதைவிட. "கட்டில்ல படுக்கறேன், பெல்ட்டு போட்டுக்கட்டுங்களா?" என்பாள். நாற்காலியில் உட்காரும்போது, "சுத்தியல் எங்க இருக்கு, சொல்லவே இல்லியே?" என்பாள். ஆனால் ஊரார் எல்லாம் ஏறிய அந்த வண்டியில் அவள் ஒருநாளும் ஏறியதில்லை. அவர் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த வாய்ப்பு சலவைக்கூடத்திலிருந்தே வந்தது. முப்பத்தோரு வருடம் அங்கே மேற்பார்வை பார்த்த பெரியக்கா ஓய்வு பெறுகிறார். அவரை ஏரிக்கரை ஓட்டலுக்கு லிமோசினில் அழைத்துப் போய் விருந்து வைப்பது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். பெரியக்காவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். பெல்ட்டுக்குக் கணக்குச் சரியாக வந்ததில் உள்ளூரச் சந்தோஷம்.

சனிக்கிழமை மதியம் வண்டியை எடுக்கப் போனால், முதலாளி புதுச் சட்டையில் தயாராக நிற்கிறார்.

"நானும் வர்றேண்ணே. கஸ்டமரை எப்படிக் குஷியா வெச்சுக்கணும்னு இன்னிக்குக் காட்டறேன். அப்படியே விளம்பரத்துக்கு ஒரு வீடியோவும் எடுத்துக்கறேன்."

"பெல்ட்டு பன்னெண்டுதான் சார் இருக்கு. நீங்க முன்னாடி என் பக்கத்துல உக்காந்துக்கங்க."

"முன்னாடி உக்காந்து உங்க மூக்கையா வீடியோ எடுக்கறது?"

ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் நல்ல உடை உடுத்திக் காத்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டு தலையை நீட்டித் தன் பிரசங்கத்தைத் தொடங்கினார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினார். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பெரியக்கா சிரிக்கவில்லை. "என்னடி இளிப்பு? எமர்ஜென்சி வார்டு துணி யார்கிட்டடி வருது? நம்மகிட்டத்தானே? எத்தனை பார்த்திருக்கோம். தம்பி சொல்றாருல்ல, மாட்டுங்க."

அடுத்த நொடி வரிசையாகக் கொக்கி விழுந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் ஒரு கூட்டம் பெல்ட்டு போட்டு அவர் பார்த்ததில்லை. மனசு குளிர்ந்துபோனது. முதலாளி மட்டும் பின்கோடியில் முழங்காலிட்டு, கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கச் சொல்ல வேண்டும் என்று பெல்ட்டுக்கு நாக்கு நுனிவரை வந்தது. வண்டி அவருடையது, சம்பளம் அவர் கொடுப்பது என்று அதை விழுங்கிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தார். மனைவி அதைக் கவனித்தாள்.

அவர் வழக்கம்போல முப்பதில் ஓட்டினார். ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்திப் போனார். ஏரிக்கு இறங்கும் சரிவில், முன்னால் ஒரு சரக்கு வேன். யாரோ வீடு மாறுகிறார்கள் போலும். பீரோ, மேசை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய மெத்தை, ஒற்றைக் கயிற்றில். கயிற்றைப் பார்த்ததுமே பெல்ட்டு இடைவெளியை இன்னும் இரண்டு வண்டி நீளத்துக்குக் கூட்டினார். கூட்டியதுதான் தாமதம், கயிறு அறுந்தது. மெத்தை காற்றில் எழுந்து ரோட்டில் குறுக்கே விழ, அதன் பின்னாலேயே மேசையும் சரிந்தது.

பிரேக்கை மிதித்தார். நீள வண்டி உடனே நிற்கிற ஜாதி இல்லை. தன் பாரத்தையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு, உறுமி, அதிர்ந்து, மேசைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

உள்ளே பன்னிரண்டு பெண்களும் முன்பக்கமாகச் சாய்ந்து, சீட் பெல்ட்டு இழுக்க, பழையபடி நிமிர்ந்தார்கள். முதலாளிக்கு அந்த வசதி இல்லை. வழுவழுப்பான தரையில் பின்கோடியிலிருந்து புறப்பட்டார். முழங்காலில் தொடங்கி, பாதி வழியில் குப்புற விழுந்து, "ஐயையோ" என்றபடி டிரைவர் பக்கத்துக் கண்ணாடித் தடுப்பை நோக்கித் தலை முன்னாக வழுக்கிக்கொண்டு போனார். போகிற வழியில் ஐஸ் அலமாரியின் முனையில் மணிக்கட்டு இடித்தது. தடுப்புக்கு ஒரு சாண் இருக்கும்போது ஒரு கை அவருடைய கால்சட்டையின் இடுப்புப் பெல்ட்டைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தியது. ஈர விரிப்பு இழுத்துப் பழகின கை. பெல்ட்டின் மனைவியுடையது.

ஐஸ் கட்டிகள் தரையில் உருண்டுகொண்டிருந்தன.

"பார்த்தீங்களா சார்," என்றாள் அவள், பிடியை விடாமல். "பெல்ட்டு போட்டிருந்ததாலதான் தப்பிச்சீங்க."

பெரியக்கா முதலில் சிரித்தார். அப்புறம் வண்டியே குலுங்கியது. கீழே கிடந்தபடி முதலாளியும் சிரிக்கப் பார்த்தார், மணிக்கட்டு விடவில்லை.

பெல்ட்டு ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். பதிமூன்று. மறுபடி எண்ணினார். பிறகு ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். எதுக்கு இப்படி உக்காந்துட்டீங்க?"

"அந்த பெல்ட்டையெல்லாம் மெத்தைக்குள்ள தள்ளினவன் நான்தான்," என்றார். "பட்டறையில. மெத்தை மேல பாம்பு மாதிரி கிடக்குது, பார்க்க அசிங்கமா இருக்குன்னாங்க. மேஸ்திரி உள்ள தள்ளுன்னாரு. தள்ளிட்டேன். ஒண்ணுவிடாம. அப்புறம் ஆறு வருஷம் எத்தனை பேர் இதுல பெல்ட்டு இல்லாம போனாங்களோ. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆகாதது என் சாமர்த்தியம் இல்ல. இன்னிக்கும் பாரு, அவரை இறக்கிவிடணும்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். "இதையா இத்தனை வருஷமா வயித்துக்குள்ள வெச்சிருந்தீங்க? நான் வேற ஏதோன்னு நினைச்சுப் பயந்துக்கிட்டிருந்தேன்."

"வேற என்ன?"

"அதை விடுங்க. இதுக்குத்தான் என்னை இதுல ஒருநாளும் கூப்பிடலையா?"

அவர் தலையாட்டினார். அவள் அதற்குமேல் கேலி செய்யவில்லை. அவருடைய சட்டைக் காலரை நேராக்கிவிட்டாள்.

கதவுக்குள் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்த பெரியக்கா குரல் கொடுத்தார். "உள்ள தள்ளினதும் நீங்க, வெளிய எடுத்ததும் நீங்க. எடுக்கத் தெரியாம எத்தனை பேர் இருக்காங்க. எந்திரிங்க தம்பி, பசிக்குது."

ஆனால் முதலில் போனது ஆஸ்பத்திரிக்குத்தான். முப்பத்தோரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் முன்னால் கண்ணீரோடு விடைபெற்ற வாசலுக்கே பெரியக்கா லிமோசினில் திரும்பி வந்து இறங்கினார். காவலாளி குழம்பிப்போய் மறுபடியும் வாழ்த்துச் சொன்னார். முதலாளியின் மணிக்கட்டில் மெல்லிய விரிசல். கட்டுப் போட்டுக் கட்டிலில் படுக்க வைத்தபோது, சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி குனிந்து விரிப்பின் ஓரத்தைத் தடவி, "இது நேத்து நான் தேய்ச்சது. கசக்காம படுங்க சார்" என்றாள். ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. முன்சீட்டில், பெல்ட்டுக்குப் பக்கத்தில், முதலாளி தோளில் பெல்ட்டும் கையில் கட்டுமாக வந்தார்.

அடுத்த வாரம் வண்டி வேறொரு பட்டறைக்குப் போனது. கனத்த வண்டிக்கான பிரேக் மாட்டினார்கள். அலமாரி முனைகளுக்கு ரப்பர் ஒட்டினார்கள், தரையில் சொரசொரப்பான விரிப்புப் போட்டார்கள். மூன்று நாளும் பெல்ட்டு அங்கேயே டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்து, மெக்கானிக்குகளின் உயிரை வாங்கினார். ஆண்டுச் சோதனைக்கு வந்த அதிகாரி, பெல்ட்டு கொடுத்த குறைப்பட்டியலைப் படித்துவிட்டு, "வண்டியை நீங்க பாஸ் பண்ணணும்னு கொண்டுவந்தீங்களா, இல்ல ஃபெயில் பண்ணணும்னா?" என்று கேட்டாராம்.

இப்போது பிரசங்கத்தை முதலாளியே எடுத்துக்கொண்டார். வண்டி கிளம்பும் நேரம் பார்த்து வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, அன்றைய கதையைச் சொல்லுவார். முதல் மாதம் கதையில் வண்டி ஐம்பதில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த மாதம் எண்பது. மெத்தை போய் லாரியானது. சமீபத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்திடம் சொன்னபோது, வழுக்கிப் போனதே அவரல்ல, அவர் ஒருவரைப் பாய்ந்து பிடித்தார் என்றாகிவிட்டது.

பெல்ட்டு முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். திருத்துவதில்லை. பின்னால் மணப்பெண் உடையை ஒதுக்கிக்கொண்டு பெல்ட்டை இழுப்பது கண்ணாடியில் தெரியும். அதற்குமேல் கதையில் யார் யாரைப் பிடித்தால் என்ன?

வீட்டில் அதைச் சொன்னபோதுதான் மனைவி கொதித்துப்போனாள். "நாளைக்கே உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க. கை என்னோடதுன்னு."