பிரிட்டிஷ் அலமாரியில் மாங்காய்ச் சட்னி

லண்டனுக்கு உலகின் மறுகோடியில் இருக்கும் கிளென்ஃபீல்டில் ஒரு சின்னக் கடை. ‘பிரிட்டிஷ்’ என்று எழுதிய அலமாரியில், பிஸ்கட்டுக்கும் வினிகருக்கும் மேலே மாங்காய்ச் சட்னி பாட்டில்கள் நிற்கின்றன. எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது.

“இது நம்மளுது இல்லையா அக்கா? இங்க ஏன் வச்சிருக்கீங்க?”

கடைக்கார அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்.

“இந்தியச் சாமானோட வைச்சுப் பாத்தனான் தம்பி. இங்கிலீஷ்காரர் வந்து, எங்கட சட்னி எங்கை எண்டு இதுக்குள்ளதான் தேடுவினம்.”

அப்போது வயதான ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் கைத்தடியோடு வருகிறார். மேல்தட்டு அவருக்கு எட்டவில்லை. அக்கா பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறார். இருவரும் லண்டன் மழையைத் திட்டிச் சிரிக்கிறார்கள். ஆங்கிலம் இருவருக்கும் ஒரே ராகத்தில் வருகிறது. “நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்கத்தான் இங்கே வருகிறேன்” என்று அக்காவின் கையை அழுத்திவிட்டுப் போகிறார் அந்த அம்மாள்.

“லண்டன்லயே பழக்கமா அக்கா?”

“இல்லைத் தம்பி. அங்க இருக்கேக்க, நீ எந்த நாடு எண்டு கேக்காத ஆளில்லை. இஞ்ச வந்துதான் நான் பிரிட்டிஷ்காரி ஆனனான்.”

மிச்சச் சட்னி பாட்டில்களை அவர் கீழ்த்தட்டுக்கு மாற்றத் தொடங்குகிறார். நானும் குனிந்து ஒவ்வொன்றாக அடுக்குகிறேன்.